ட்ரங்குப் பெட்டியில் பழைய ஸ்டாம்ப் கிடைத்தால்

யாங்கூனில் (அந்தக் காலத்து ரங்கூன்) நம் தமிழர் வீட்டில் பெரியவர் யாராவது போய்விட்டால், காரியம் முடிந்த கையோடு பரணிலிருந்து ட்ரங்குப் பெட்டி இறங்கும். "ஸ்டாம்ப் பார்க்கிறவரைக் கூப்பிடு" என்று எனக்கு ஆள் வரும். நான் போய்ச் சேர்வதற்குள் பேரப்பிள்ளைகள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருப்பார்கள். முதல் வேலை அதைப் பிடுங்கி வைப்பது. உறையோடு இருக்கிற ஸ்டாம்புக்குத்தான் மதிப்பு.

லென்ஸ் வைத்து முத்திரையைப் படியுங்கள்: எந்த ஊர், என்ன தேதி. இங்கே பெட்டியில் இருப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சொந்த ஊரிலிருந்து வந்த கடிதம். அதில் இந்திய ஸ்டாம்ப்தான் இருக்கும். தாத்தா பர்மா ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியதெல்லாம் காரைக்குடிப் பக்கம் யார் வீட்டிலாவது கிடக்கும். பர்மாவுக்குள்ளேயே மோல்மேன், பெகு மாதிரி ஊரிலிருந்து உறவுக்காரர் எழுதியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

அடுத்தது காலம். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதற்கு முன்பு ரங்கூன் முத்திரை விழுந்திருந்தாலும் ஸ்டாம்ப் இந்தியாவுடையதுதான். பிரிந்ததும், ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய ஸ்டாம்பின் மேலேயே 'பர்மா' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து விற்றார்கள். சொந்த ஸ்டாம்ப் 1938இல் வந்தது: ஆறாம் ஜார்ஜ், தேக்கு இழுக்கும் யானை, ஐராவதியில் படகு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தாளுக்குள் யானைத் தலை நீர்க்குறியாகத் தெரியும். அணாவுக்குப் பதில் பியா (பர்மியச் சில்லறைக் காசு) என்று போட்டிருந்தால் 1952க்குப் பிந்தையது.

மயில் குத்திய ஸ்டாம்ப் வந்தால் நிதானம். 1942இல் ஜப்பான்காரன் வந்ததும், கையிருப்பில் இருந்த ஸ்டாம்பில் ராஜா முகத்தின் மேல் மயிலை அச்சடித்துப் புழங்கினார்கள். இதில் போலி ஏராளம். வெறும் ஸ்டாம்பாக வந்தால் நான் வாங்குவதே இல்லை. மயில் ஸ்டாம்ப் ஒட்டி அந்த வருஷமே காரைக்குடிக்குப் போன கடிதம் என்று யாராவது நீட்டினால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். யுத்தம் நடக்கையில் எதிரிப் பக்கத்திலிருந்து இந்தியாவுக்கு ஏது தபால்?

தண்ணீரில் ஊறப்போடுவது, ஏற்கெனவே யாரோ கத்தரித்துவிட்ட துண்டுகளுக்கு மட்டும். பச்சைத் தண்ணீர் போதும், வெந்நீர் கூடாது. சிவப்பு, பழுப்பு உறைத் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள். சாயம் இறங்கி மற்றதையும் கெடுத்துவிடும். ஊதா மை முத்திரை என்றால் ஊறப்போடவே வேண்டாம். ஊறப்போட்டது தானாகக் கழன்று வரும் வரை பொறுத்திருந்து, ட்வீஸரால் எடுத்து, படம் கீழே இருக்கும்படி மைஒற்றுத் தாளில் பரப்பி, காய்ந்ததும் கனத்த புத்தகத்துக்குள் வையுங்கள்.

பின்பசை போகாத புது ஸ்டாம்புக்கு இந்த ஊர் மழைதான் எமன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பசையோடு பிரிப்பது லேசில்லை. மெழுகுத்தாள் இடையில் போட்டு, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வாசோ மாதம் (பர்மிய மழைக்கால மாதம்) தொடங்கிவிட்டால், விருந்தாளி கேட்டாலும் அதைத் திறக்காதீர்கள்.