குழந்தையை வேறு மாநிலத்துக்கு அனுப்ப ஐசிபிசி கோப்பு போடுவது எப்படி?

அமெரிக்காவில் குழந்தை நலத் துறையில் கேஸ்வொர்க்கராகச் சேர்ந்த புதிதிலேயே வெளிமாநில கேஸ் ஒன்று கையில் வந்து விழுந்துவிட்டதா? ஒரு உதாரணத்தோடு போவோம். டெக்சாஸ் நீதிமன்றத்தின் பொறுப்பில் ஏழு வயதுப் பையன், அம்மா திடீரென்று சிறைக்குப் போய்விட்டார், ஒஹையோவில் இருக்கும் பாட்டி பேரனை நானே வளர்க்கிறேன் என்கிறார். உடனே டிக்கெட் போட்டு அனுப்பிவிட முடியாது. 1960-இல் நியூயார்க் முதலில் சட்டமாக்கி, இன்று 50 மாநிலங்களும் ஏற்றிருக்கும் ஐசிபிசி ஒப்பந்தம் இருக்கிறது; குழந்தையை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பிக் குடியமர்த்துவதற்கான மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் அது. (அம்மாவே கொண்டுபோய்ப் பாட்டியிடம் விட்டிருந்தால் இது பொருந்தாது. அனுப்புவது நீதிமன்றம் என்பதால்தான் இந்தப் பாடு.)

முதலில் 100ஏ படிவம், அதாவது குழந்தையை அனுப்ப அனுமதி கேட்கும் படிவம். ஒரு குழந்தைக்கு ஒன்று. அண்ணன் தங்கை மூன்று பேர் என்றால் மூன்று படிவம்.

அடுத்தது கோப்பு. நாள் விரயமாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் அவசரப்படாதீர்கள். நீதிமன்ற உத்தரவு, குழந்தையின் பின்னணி, கேஸ் திட்டம், மருத்துவச் செலவும் பராமரிப்புச் செலவும் எங்கிருந்து வரும் என்ற விவரம், இவற்றோடு நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு வாக்குமூலமும் வேண்டும். அதை எழுத, முதலில் பாட்டிக்குப் போன் போடுங்கள். உண்மையிலேயே விருப்பமா, வீட்டில் எத்தனை படுக்கையறை, யார் யார் எங்கே படுக்கிறார்கள், வருமானம் என்ன என்று கேளுங்கள். கேட்காமல் அனுப்பினால், வீட்டைப் பார்க்கப் போகும் ஒஹையோ ஊழியரிடம் பாட்டி "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்பார், அத்தோடு எல்லாம் முதலிலிருந்து.

கோப்பு உங்கள் மாநில ஐசிபிசி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஒஹையோ மாநில அலுவலகத்துக்கு, பிறகு பாட்டி இருக்கும் கவுண்டிக்குப் போகும். ஒஹையோவில் 88 கவுண்டிகள், வேலை நடப்பது அங்கேதான். ஆனாலும் குறுக்கு வழியில் நேரே கவுண்டிக்கு அனுப்பாதீர்கள். 2027 அக்டோபர் 1-க்குள் எல்லா மாநிலங்களும் இதை மின்னணு முறையில் செய்தாக வேண்டும்.

அப்புறம் காத்திருப்பு. வீட்டைப் பார்த்துத் தரும் ஹோம் ஸ்டடி அறிக்கைக்குக் கெடு 60 நாள். இறுதி முடிவுக்கு 180 நாள் வரை ஆகலாம். நம் கேஸில் அம்மா திடீரென்று சிறைக்குப் போனதாலும் அனுப்புவது பாட்டியிடம் என்பதாலும் ஐசிபிசியின் 7-ஆம் விதி உதவும்: நீதிபதியிடம் அதற்கென்று தனி உத்தரவு வாங்கினால் 20 வேலை நாளில் முடிவு வர வேண்டும். இதைக் கேட்க மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

இடையில் யாராவது "லீவுக்குப் போய்விட்டு வரட்டுமே" என்பார்கள். 30 நாளுக்கு மேல் போனால் அது விருந்தாடல் ஆகாது. ஹோம் ஸ்டடி கேட்டுவிட்டு அனுப்பினாலோ, அதையே குடியமர்த்தல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஒஹையோ '100ஏ'வின் கடைசிப் பகுதியில் அனுப்பலாம் என்று குறித்துக் கையெழுத்திட்டுத் திருப்பியதும் பையனை அனுப்பலாம். அனுமதி ஆறு மாதம்தான் செல்லும். போய்ச் சேர்ந்த தேதியை 100பி படிவத்தில் தெரிவியுங்கள்.

பையன் போய்விட்டான் என்று கோப்பைக் கட்டி வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை நேரில் பார்ப்பதும் 90 நாளுக்கு ஒரு அறிக்கை அனுப்புவதும் ஒஹையோவின் வேலை. செலவும் சட்டப் பொறுப்பும் டெக்சாஸுடையவை. பாட்டிக்கே பொறுப்பைக் கொடுத்து கேஸை முடிக்க டெக்சாஸ் நீதிபதி நினைத்தால், அதற்கு முன் ஒஹையோவின் சம்மதத்தை வாங்குங்கள், முடித்ததும் இன்னொரு 100பி அனுப்புங்கள்.