ஸ்பீக்கர் காதைக் குத்துகிறதா?

புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் (அலமாரியில் வைக்கிற அளவு சின்ன ஸ்பீக்கர்) காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் காதைக் குத்துகிறது என்றால், உடனே ஸ்பீக்கரை மாற்றக் கிளம்ப வேண்டாம். அறை நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். கணீரென்று எதிரொலித்தால் பாதிக் குற்றம் அறையுடையது. நம்ம திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் டைல்ஸ் தரை, வெறும் சிமெண்ட் சுவர். ஒலி அடங்க இடமே இல்லை.

ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே கனத்த ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். (பத்தமடைப் பாய் அழகுதான், ஆனால் மெலிசு, இதற்குப் போதாது.) ஜன்னலுக்குக் கனமான திரை.

அப்புறம், ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உயர் ஸ்தாயி ஒலியைத் தரும் சின்ன வட்டம்) நேராகக் காதைப் பார்த்தபடி இருந்தால், ஸ்பீக்கரைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். உயர் ஒலி நேர்க்கோட்டில்தான் அதிகம் பாயும். அதற்கும் அடங்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளை, அதாவது உயர் ஸ்தாயி ஒலியை, 2 டெசிபல் குறைக்கலாம், தப்பில்லை.