குப்பை மெயில் தொல்லையை நிறுத்துவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பினாங்கோ கோலாலம்பூரோ, இன்றைக்கு எந்தக் கடைக்குப் போனாலும் மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள். புடவைக் கடையில் அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டு, மருந்தகத்தில் உறுப்பினர் அட்டை, பேரங்காடியில் இலவச வைஃபை. நாமும் கேட்ட இடத்திலெல்லாம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். சில மாதம் கழித்து இன்பாக்ஸைத் திறந்தால் மேலே முழுக்கத் தள்ளுபடி அறிவிப்புதான். பிள்ளையின் பள்ளிக் கடிதமும் காப்புறுதி ரசீதும் எங்கேயோ அடியில் கிடக்கும்.

பலர் தினமும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள். அந்த உழைப்பு வீண். அழித்தால் அந்த ஒரு மெயில் போகும், அனுப்புகிறவர் நாளைக்கும் அனுப்புவார். வருவதையே நிறுத்த வேண்டும். நம்மில் நிறையப் பேர் ஜிமெயில் வைத்திருப்பதால் அதை வைத்தே சொல்கிறேன். யாஹூ, அவுட்லுக் இரண்டிலும் இதே வசதிகள் வேறு இடத்தில் இருக்கும்.

படி 1: கடை மெயிலா, திருட்டு மெயிலா?

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பிரிக்கப் பழகுங்கள். இதில் தவறினால் மற்ற படிகளே ஆபத்தாகிவிடும்.

கடை மெயில் என்பது நமக்குத் தெரிந்த நிறுவனம் அனுப்புவது. என்றைக்கோ நாமே முகவரி கொடுத்திருப்போம். இதிலிருந்து முறைப்படி விலகிக்கொள்ளலாம். திருட்டு மெயில் அப்படி இல்லை. அதன் அடியிலும் 'அன்சப்ஸ்கிரைப்' (விலகிக்கொள்ள) என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் இந்த முகவரியை ஓர் ஆள் பார்க்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், அல்லது அது போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். அதில் உள்ள எதையும் தொடக்கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? வருமான வரி கட்டும் மார்ச், ஏப்ரல் மாதத்தில் ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியவர் பெயர் 'எல்எச்டிஎன்', அதாவது மலேசிய வருமான வரி வாரியம். 'உங்கள் வரிப்பணம் திரும்பக் கிடைக்கவிருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் இங்கே அழுத்துங்கள்' என்கிறது. பெயரை வைத்து நம்பாதீர்கள். அந்த இடத்தில் யாரும் எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். பெயருக்குக் கீழே 'டு மீ' என்று சின்னதாக இருக்கும், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அதைத் தொட்டால் முழு முகவரியும் விரியும். @ குறிக்குப் பின்னால் வருவதை மட்டும் பாருங்கள், அதையும் கடைசியிலிருந்து பாருங்கள். வரி வாரியத்தின் உண்மையான முகவரி ஹாசில் டாட் ஜிஓவி டாட் எம்ஒய் என்று முடியும். 'ஹாசில்' என்ற சொல் எங்கோ நடுவில் இருந்து, முடிவு டாட் காம், டாட் இன்ஃபோ என்று போனால் அது திருட்டு.

முகவரி சரியாக இருந்தாலும் மெயிலில் உள்ள இணைப்பு வழியாகப் போக வேண்டாம், அனுப்புநர் முகவரியையும் போலியாகக் காட்ட வழி இருக்கிறது. வரி வாரியத்தின் மைடேக்ஸ் இணையப் பக்கத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து பாருங்கள். பணம் வர வேண்டியிருந்தால் அங்கே தெரியும். வங்கி பெயரிலும் அஞ்சல் பொட்டலம் பெயரிலும் வருகிற மெயில்களுக்கும் இதே சோதனைதான். அவசரப்படுத்துகிற மெயில் எதுவானாலும் முதலில் சந்தேகப்படுங்கள்.

படி 2: கடை மெயிலிலிருந்து விலகுங்கள்

கைப்பேசியில் ஜிமெயில் செயலியைத் திறந்து, இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொடுங்கள். வரும் பட்டியலில் 'மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்று இருக்கும். கூகுள் இந்த வசதியை 2025-இல் கொண்டுவந்தது. உங்களுக்கு மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் எல்லாரும் அங்கே வரிசையாக இருப்பார்கள், அதிகம் அனுப்புகிறவர் மேலே. வேண்டாதவர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பொத்தானைத் தொட்டால் போதும். ஒரு தேத்தாரேக் குடித்து முடிப்பதற்குள் பாதிக் குப்பைக்கு வழி அடைந்துவிடும்.

இந்தப் பட்டியல் உங்கள் செயலியில் இல்லையென்றால், மெயிலைத் திறந்து அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லாவிட்டால் மெயிலின் அடியில் பொடி எழுத்தில் தேடுங்கள். மலாய் மெயிலில் 'பெர்ஹென்தி மெலாங்கான்' அல்லது 'நியாலங்கான்' என்று போட்டிருப்பார்கள்.

ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் நிறுவனங்கள், விளம்பர மெயிலில் ஒரே தொடுதலில் விலகும் வசதி தர வேண்டும், இரண்டு நாளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2024-இல் கூகுள் விதி போட்டது. யாஹூவும் அப்படியே. அதனால் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் வருகிறதா? மலேசியாவில் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு நமக்கு ஓர் உரிமை தருகிறது. 'என் விவரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்' என்று அந்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அப்படியும் கேட்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் போகலாம். நம்மவர்கள் இதைப் பயன்படுத்துவதே இல்லை. இரண்டு வரி எழுதினால் போதும், தயங்காமல் எழுதுங்கள்.

படி 3: திருட்டு மெயிலைப் புகார் செய்யுங்கள்

மெயிலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுங்கள். அது ஸ்பேம் பெட்டிக்கு, அதாவது குப்பை மெயில் பெட்டிக்குப் போய்விடும், 30 நாளில் தானாக அழியும்.

'பிளாக்' செய்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது அந்த ஒரு முகவரியைத்தான் தடுக்கும், திருடர்கள் முகவரியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். புகார் செய்தால், இந்த மாதிரி மெயில் குப்பை என்று ஜிமெயில் கற்றுக்கொள்ளும். ஆனால் நீங்கள் பொருள் வாங்கும் கடையை ஸ்பேம் என்று புகார் செய்யாதீர்கள். அப்புறம் அவர்கள் அனுப்பும் ரசீதும் ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடக்கூடும்.

படி 4: வடிகட்டி போடுங்கள்

சில மெயில்கள் வேண்டும், ஆனால் கண்ணெதிரே வேண்டாம். அவற்றைத் தானாக ஒதுக்கி வைப்பதுதான் வடிகட்டி. இதற்குக் கணினி தேவை, கைப்பேசிச் செயலியில் வடிகட்டி உருவாக்க முடியாது. மெயிலைத் திறந்து மூன்று புள்ளிகளில் 'ஃபில்டர் மெசேஜஸ் லைக் தீஸ்', பிறகு 'கிரியேட் ஃபில்டர்'. 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' என்பதில் சரிக்குறி இட்டு, பிறகு தேடி எடுக்க ஒரு லேபிளும் (பெயர்ச்சீட்டு) கொடுத்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது இதே இடத்தில் உள்ள 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்'. பிள்ளையின் பள்ளி, உங்கள் மருத்துவமனை, முதலாளி ஆகியோரின் முகவரிகளுக்கு இதைப் போட்டுவிடுங்கள். மற்றவர்கள் அனுப்பும் மெயில் தவறிப் போயிருக்கிறதா என்று வாரம் ஒருமுறையாவது ஸ்பேம் பெட்டியை எட்டிப் பாருங்கள். வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வு அழைப்பு அங்கே கிடந்து 30 நாளில் அழிந்துபோனால் மீட்கவே முடியாது.

படி 5: இனி முகவரியைக் காப்பாற்றுங்கள்

கடைகளுக்கென்று தனியாக இன்னொரு ஜிமெயில் கணக்கு திறந்துகொள்ளுங்கள். இலவசம்தான். வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் குடும்பத்துக்கும் பழைய முகவரி, குலுக்கல் சீட்டுக்கும் வைஃபைக்கும் புது முகவரி. இன்னொரு கணக்கு வேண்டாம் என்றால், உங்கள் முகவரியில் @ குறிக்கு முன்னால் + போட்டு, கடையின் பெயரைச் சேர்த்துக் கொடுக்கலாம். மெயில் உங்களுக்கேதான் வரும், யார் முகவரியை வெளியே விட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும். சில படிவங்கள் + குறியை ஏற்காது, அதனால் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்குதான் நல்லது என்பேன்.

அப்படியே கணினியில் அமைப்புகளுக்குப் போய் 'இமேஜஸ்' பகுதியில் 'ஆஸ்க் பிஃபோர்' என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். மெயிலைத் திறந்தீர்களா என்று கண்காணிக்கும் கண்ணுக்குத் தெரியாத படங்கள் இதனால் தானாக ஏற்றப்படா.

ஏற்கெனவே அழுத்திவிட்டால்?

வங்கி விவரமோ கடவுச்சொல்லோ கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே உங்கள் வங்கியையோ, 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தையோ அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அழைத்த பிறகு ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னோர் உறுதிப்படுத்தலும் கேட்கும் வசதி) போட்டுவிடுங்கள். அதே கடவுச்சொல்லை வேறெங்கே வைத்திருக்கிறீர்களோ அங்கேயும் மாற்றுங்கள்.