வெள்ளையணு இரத்தக்குழாய்ச் சுவரைக் கடக்கும் வழியை வரைந்து படிப்பது எப்படி?

ராயபுரத்திலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் செவிலியர் படிப்புக்கும் ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்புக்கும் செல்லும் மாணவர்கள் காயத்துக்கோ தொற்றுக்கோ உடல் காட்டும் எதிர்வினையான அழற்சி பற்றிய பாடத்தில் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். செலக்டின், இன்டெக்ரின், கீமோகைன் என்று இதில் பங்குபெறும் மூலக்கூறுகளின் பெயர்களை மளமளவென ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் எது வெள்ளையணுவின் மேல் இருக்கிறது, எது குழாய்ச் சுவரின் மேல் இருக்கிறது என்று கேட்டால் தடுமாறிவிடுவார்கள். பாடத்தை வெள்ளையணுவிலிருந்து தொடங்குவதுதான் இதற்குக் காரணம் என்பது என் கருத்து. எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதை முதலில் அறிவிப்பது சுவர்தான் என்பதால், படத்தையும் சுவரிலிருந்தே தொடங்க வேண்டும்.

வரைவதற்கு முன் ஒரு காயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டில் இறால் உரிக்கும் பெண் ஒருவரின் விரலில் இறாலின் தலைக்கொம்பு குத்திவிடுகிறது. அவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். கொம்போடு உள்ளே போன பாக்டீரியாக்களோ தோலுக்கடியில் தங்கிவிடுகின்றன. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் மேக்ரோபேஜ், மாஸ்ட் செல் என்னும் காவல் செல்கள் ஹிஸ்டமின், டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 ஆகிய எச்சரிக்கை வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. இவை அருகிலுள்ள இரத்தக்குழாயை எட்டும் கணத்திலிருந்து உங்கள் படம் தொடங்குகிறது.

தாளைக் குறுக்குவாட்டில் வைத்து, நடுவில் செங்கல் அடுக்கியதுபோல் ஒரே வரிசையாக, குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் எண்டோதீலியச் செல்களை வரையுங்கள். மேலே இரத்தம், கீழே திசு. செல் வரிசைக்கு அடியில் ஒரு மெல்லிய கோடாக, அவற்றைத் தாங்கும் அடித்தளச் சவ்வைப் போடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஓரத்தில் ‘நுண்சிரை’ என்று தெளிவாக எழுதுங்கள். தந்துகி என்னும் மிக நுண்ணிய குழாயை அடுத்து வரும் இந்தச் சிறு சிரைகளில்தான் இரத்த ஓட்டம் தணிந்திருக்கிறது, ஒட்டுவதற்கான மூலக்கூறுகளும் இங்கேதான் மிகுதியாகத் தோன்றுகின்றன. (நுரையீரலில் மட்டும் தந்துகிகளிலேயே பெருமளவு வேலை நடந்துவிடுகிறது, இந்தப் படத்தை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம்.)

இனி இரண்டு நிறப் பேனாக்கள் தேவை. சுவரில் இருப்பவற்றை நீலத்திலும் வெள்ளையணுவில் இருப்பவற்றைச் சிவப்பிலும் மட்டுமே எழுதுங்கள். முதலில் நீலம்: எண்டோதீலியச் செல் தனக்குள் சேமித்து வைத்திருந்த பி-செலக்டின் என்னும் ஒட்டுமூலக்கூறை ஹிஸ்டமின் பட்ட சில நிமிடங்களிலேயே மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது, இ-செலக்டினைப் புதிதாகத் தயாரிக்க வேண்டியிருப்பதால் அது வெளியே தெரிய ஓரிரு மணி நேரம் ஆகிறது. இந்த நேர வேறுபாட்டைப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள், கேள்வித்தாள்களுக்குப் பிடித்த இடம் இது. அடுத்துச் சிவப்பு: முதலில் வந்துசேரும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபிலின் மேலுள்ள சியாலில் லூயிஸ் எக்ஸ் என்னும் சர்க்கரைத் தொடர் அந்தச் செலக்டின்களைப் பற்றுகிறது. பிடி வலுவற்றது; பற்றுவதும் விடுவதுமாக, இரத்த ஓட்டத்தின் தள்ளுதலில் செல் சுவரோரம் உருண்டுகொண்டே போகிறது.

உருளும் செல் எப்படி நிற்கிறது என்பதுதான் பாடத்தின் நெஞ்சுப்பகுதி. சுவரின் மேல் இன்டர்லூக்கின்-8 போன்ற, வெள்ளையணுவை ஈர்க்கும் கீமோகைன்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நீலப் புள்ளிகளாகக் காட்டுங்கள். உருண்டு வரும் நியூட்ரோஃபில் அவற்றைத் தொட்டதும், அதன் மேல் அதுவரை மடங்கிக் கிடந்த இன்டெக்ரின்கள் நிமிர்ந்து, பிடிக்கும் திறனைப் பன்மடங்கு கூட்டிக்கொள்கின்றன. எல்எஃப்ஏ-1, மேக்-1 என்ற இந்தச் சிவப்புக் கைகள் சுவரின் நீல ஐகேம்-1ஐ இறுகப் பற்றியபின் செல் உருளுவதில்லை. ஆகவே மடங்கிய இன்டெக்ரின், நிமிர்ந்த இன்டெக்ரின் என இரண்டையும் தனித்தனியே வரையுங்கள். ஒன்றை மட்டும் வரைந்தால் கீமோகைனுக்கு அங்கே என்ன வேலை என்பது புலப்படாது.

நின்ற செல் தட்டையாகப் பரவி, சுவரின் மேல் ஊர்ந்து இடுக்குத் தேடுகிறது. பெரும்பாலும் இரண்டு எண்டோதீலியச் செல்களுக்கு இடையிலும், சில வேளைகளில் ஒரே செல்லின் உடல் வழியாகவும் அது நுழைகிறது. இதுவே டயாபெடிசிஸ். இங்கே பீகேம்-1 என்னும் மூலக்கூறு இரண்டு நிறத்திலும் வர வேண்டும், ஏனெனில் அது செல்லிலும் இருக்கிறது, சுவரிலும் இருக்கிறது. இடுக்கைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும். அடித்தளச் சவ்வைத் தாண்டத்தான் கூடுதல் நேரம் பிடிக்கிறது. 1867ஆம் ஆண்டிலேயே யூலியஸ் கோன்ஹைம் தவளையின் குடல்தாங்கிச் சவ்வை நுண்ணோக்கியில் வைத்து இந்தக் காட்சியைக் கண்டு விவரித்தார், ஒரு மூலக்கூறின் பெயரும் தெரியாத காலத்தில்.

திசுவுக்குள் வந்தபின் சொல்ல அதிகம் இல்லை. பாக்டீரியாவின் சிதைவுப்பொருள்கள், சி5ஏ, லூக்கோட்ரையீன் பி4 என்னும் ஈர்க்கும் வேதிப்பொருள்கள் ஆகியவற்றின் செறிவு கூடும் பக்கமாகச் செல் நகர்கிறது என்று ஓர் அம்புக்குறி போட்டால் போதும். ஓரத்தில் காலக்கோடு ஒன்றை வரைந்து, முதல் நாளில் நியூட்ரோஃபில்களும், அதன்பின் ஏறத்தாழ 48 மணி நேரத்துக்குள் மோனோசைட் என்னும் மற்றொரு வகை வெள்ளையணுக்களும் மேலோங்குவதைக் குறியுங்கள்.

படம் சரியா என்று அறிய, ஒவ்வொரு படியாக விரலால் மறைத்துப் பாருங்கள். இன்டெக்ரினை மறைத்தால் செல் உருண்டுகொண்டே போய்விடும், திசுவை எட்டாது. பிறவியிலேயே இந்த இன்டெக்ரின்களின் சிடி18 கூறு குறைபட்ட குழந்தைகளுக்கு இரத்தத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை மிகுந்திருந்தும் தொற்று கண்ட இடத்தில் சீழ் பிடிப்பதில்லை. தொப்புள்கொடி விழுவதும் தாமதப்படுகிறது. ஸ்டீராய்டு ஊசி போட்ட நோயாளியின் இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு எண்ணிக்கை கூடி வருவதற்கும் உங்கள் படத்திலேயே ஒரு காரணத்தைக் காட்டலாம்: சுவரோரம் ஒட்டியும் உருண்டும் இருந்த செல்கள் பிடி விட்டு நடு ஓட்டத்துக்குத் திரும்புகின்றன, ஊசியில் எடுக்கும் இரத்தத்தில் அவையும் சேர்ந்துகொள்கின்றன.