ரொக்கெட் ஆர்வலர் ஒருவரின் ஆய்வுக் கோப்புகளை ஒழுங்குபடுத்திப் பேணும் முறை

திருகோணமலை உவர்மலையில் என் மாமா விட்டுச்சென்ற இரண்டு தகரப் பெட்டிகளிலும் ஓர் அலுமாரித் தட்டிலும், வானூர்தி வரலாறும் விண்வெளிப் பயண வரலாறும் பற்றி அவர் 50 ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த கடதாசிகள் இருந்தன. பத்திரிகை நறுக்குகள், கையால் பார்த்து வரைந்த இயந்திரப் படங்கள், ஒளிப்படங்கள், கொப்பி கொப்பியாகக் குறிப்புகள் என எல்லாம் கலந்திருந்தன. அவற்றைச் சீராக்கியபோது கற்றுக்கொண்டதை, இத்தகைய சேகரிப்பு கைக்கு வந்துசேரும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எதையும் இடம் மாற்றுவதற்கு முன்னர், கோப்பு இருந்த நிலையைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு மட்டையையும் திறந்து, தாள்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் கைபேசியால் படம் பிடித்து, ஒவ்வொரு தாளின் பின்புற மூலையிலும் மென்மையான பென்சிலால் மட்டை எண்ணையும் தாள் எண்ணையும் எழுதுங்கள். இதை நான் செய்யத் தவறினேன். ‘1942’ என்று எழுதப்பட்ட மட்டையில், ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையின் சீனன்குடா விமானத்தளத்தையும் துறைமுகத்தையும் தாக்கியது பற்றிய தாள்களும், அதே ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி பேனமுண்டே என்ற தமது ரொக்கெட் சோதனைத் தளத்திலிருந்து ஜெர்மனியர் ஏவிய வீ-2 ரொக்கெட் பற்றிய தாள்களும் ஒன்றாகக் கிடந்தன. தவறுதலாகக் கலந்துவிட்டன என்று எண்ணி, போர் ஒரு பக்கம், ரொக்கெட் இன்னொரு பக்கம் எனப் பிரித்து வைத்தேன். இரண்டு மாதங்களின் பின் அவருடைய கொப்பியை வாசித்தபோதுதான் அவை வேண்டுமென்றே சேர்த்து வைக்கப்பட்டவை என்பது தெரிந்தது. விமானந்தாங்கிக் கப்பல்களைக் கடல் கடந்து கொண்டுவந்து ஒரு துறைமுகத்தைத் தாக்க வேண்டியிருந்த அதே ஆண்டில், விமானியே இல்லாத ஓர் ஆயுதம் 80 கிலோமீற்றருக்கும் மேல் உயர்ந்ததை அவர் ஒப்பிட்டு எழுதியிருந்தார். அந்தக் குறிப்பின் ஓரத்தில் ‘1942 மட்டை, மூன்றாம் தாளின் பின்புறம்’ என்று இருந்தது. மூன்றாம் தாள் எது என்பதை இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சேர்த்தவரின் வரிசை என்பது அவருடைய சிந்தனையின் ஒரு பகுதி. உங்கள் கண்ணுக்குக் குழப்பமாகத் தோன்றினாலும் அதைக் கலைக்காதீர்கள்.

வேலைக்கு உரிய காலம், கச்சான் எனப்படும் வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்கள். மாரி மழைக் காலத்தில் தாள்கள் ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்துவிடும். கச்சானில் ஈரம் குறைவு என்றாலும் காற்று தாள்களை அள்ளிக்கொண்டு போகுமாதலால், கடற்பக்க யன்னலை மூடி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு அமர வேண்டும். உலரட்டும் என்று எதையும் நேர் வெயிலில் வைக்கக் கூடாது.

உப்புக் காற்று உள்ள ஊரில் தாளுக்கு முதல் எதிரி இரும்பு. குண்டூசியும் கம்பி ஊசியும் துருப்பிடித்து, தம்மைச் சுற்றியுள்ள தாளையும் அரித்துவிடும். துருப்பிடித்த கம்பி ஊசியை இழுத்து எடுக்காதீர்கள். தாளைக் குப்புற வைத்து, ஊசியின் மடிந்த கால்களுக்கும் தாளுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, மொட்டையான கத்தி நுனியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்திய பின்னரே மறுபக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்க வேண்டும். பிறகு அந்தத் தாள்களை மடித்த வெள்ளைத் தாள் ஒன்றுக்குள் சேர்த்து வைத்தால் போதும். புதிய ஊசி தேவையில்லை.

பத்திரிகைத் தாள் தானே பழுப்பாவதோடு, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாளிலும் கறையை ஏற்றும். ஆகவே நறுக்குகளையும் ஒளிப்படங்களையும் தனித்தனி உறைகளில் இடுங்கள். பழைய தொலைநகல் தாள்களில் எழுத்து மங்கி மறைந்துவிடும் என்பதால், அவற்றை எல்லாவற்றுக்கும் முன்னர் பிரதி எடுக்க வேண்டும். கிழிசலை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையிட்டு லமினேற் செய்வதும் திருத்த முடியாத சேதங்கள். மட்டைகளைச் சுவரோடு ஒட்டாமல், நிலத்திலிருந்து உயர்த்தி வைத்தால் கறையான் ஏறுவதை நேரத்தோடு கண்டுகொள்ளலாம்.

பெட்டிக்குள் எரிபொருள் கலவைக் குறிப்புகள் இருந்தால் அவற்றையும் வரலாறாகவே பேணுங்கள், செய்து பார்க்காதீர்கள். பெயர் தெரியாத தூளோ மூடிய டப்பாவோ கிடைத்தால் தொடாமல் பொலிசாருக்கு அறிவிப்பதே சரி.

இனி, எந்தப் பொருள் எந்தத் தாளில் உள்ளது என்று காட்டும் சுட்டியைத் தயாரிப்பதற்கு வருவோம். தமிழில் இது நிதானத்தோடு செய்ய வேண்டிய வேலை, ஏனெனில் ஒரே பொருள் பல பெயர்களில் கிடக்கும். நம் பத்திரிகைகள் செய்மதி என்று எழுதுவதைத் தமிழ்நாட்டு இதழ்கள் செயற்கைக்கோள் என்று எழுதும். ரொக்கெட், ராக்கெட், ஏவூர்தி, ஏவுகணை எல்லாம் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வந்திருக்கும்; 1780இல் காஞ்சிபுரத்துக்கு அண்மையில் புள்ளலூரில் மைசூர்ப் படையினர் எய்த இரும்புக் குழாய் ரொக்கெட்டுகள் வாணம் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். ஒரு சொல்லைத் தலைச்சொல்லாகத் தெரிவு செய்து, மற்றவற்றுக்கு எதிரே ‘இதைப் பார்க்க’ என்று எழுதுங்கள். ஆனால் தாளில் உள்ளதைப் பிரதி செய்யும்போது, அதில் உள்ள சொல்லை மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும்.

திகதிகளில் இன்னும் கூடிய கவனம் தேவை. அப்பலோ 11 நிலவில் இறங்கியது கிரீன்விச் நேரப்படி 1969 யூலை 20ஆம் திகதி இரவு 8.17க்கு. அப்போது இலங்கையில் 21ஆம் திகதி அதிகாலை 1.47. ஆகவே இரண்டு நறுக்குகள் இரண்டு திகதிகளைச் சொன்னால் இரண்டும் சரியாக இருக்கலாம். இலங்கையின் முதல் செய்மதியான ராவணா-1ஐச் சுமந்த ரொக்கெட் 2019 ஏப்ரல் 17ஆம் திகதி அமெரிக்காவிலிருந்து புறப்பட்டபோதும் இங்கே 18ஆம் திகதி பிறந்துவிட்டது. அதோடு, 1996 முதல் 2006 வரை இலங்கையின் நேரமே மாற்றப்பட்டிருந்தது. 2003 பெப்ரவரி 1ஆம் திகதி கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் கொலம்பியா விண்ணோடம் சிதைந்த வேளையை, இன்றைய ஐந்தரை மணி வித்தியாசத்தைக் கொண்டு கணக்கிட்டால் அரை மணி நேரம் பிழைக்கும். சுட்டியில் கிரீன்விச் நேரத்தையும் உள்ளூர் நேரத்தையும் அருகருகே எழுதுவது இந்தத் தொல்லையைத் தீர்க்கும்.

பிழையான செய்தி என்பதற்காக எந்த நறுக்கையும் எறியாதீர்கள். வெற்றிடத்தில் ரொக்கெட் இயங்காது என்ற கருத்தில் 1920 ஜனவரி 13ஆம் திகதி நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அமெரிக்க ரொக்கெட் ஆய்வாளர் கொடார்ட்டைக் கண்டித்தது. அவர் 1926 மார்ச் 16ஆம் திகதி ஏவிய திரவ எரிபொருள் ரொக்கெட் இரண்டரை வினாடியே பறந்து 41 அடி உயர்ந்தது. அப்பலோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 யூலை 17ஆம் திகதி, அதே பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. பிழையும் திருத்தமும் ஒரே உறையில் இருக்கும்போதுதான் அந்த 49 ஆண்டுகள் வாசகருக்குப் புலப்படும். எனவே திருத்தத்தை நறுக்கின் மேல் எழுதாமல், தனிச் சீட்டில் எழுதி, எழுதிய நாளையும் குறித்து உடன் வையுங்கள்.

ஒரு தாள் இரண்டு மட்டைகளுக்கு உரியதாக இருந்தால், அது இருந்த இடத்திலேயே விட்டு, மற்ற மட்டையில் சீட்டு ஒன்றை வையுங்கள். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1945இல் புவிநிலைச் சுற்றுப்பாதைச் செய்மதிகள் (பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றுபவை) பற்றி எழுதிய கட்டுரையின் பிரதி, எங்கள் பெட்டியில் கோணேசர் கோயிலடிக் கடலின் மட்டைக்குள் இருந்தது. அவர் 1956இல் அங்கே மூழ்கிப் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர் என்பதே மாமாவுக்குக் காரணம். செய்மதி மட்டையில் ஒரு சீட்டு அதைச் சொல்கிறது.

கணினிப் பிரதிக்கு எழுத்துத் தாள்களை அங்குலத்துக்கு 300 புள்ளிகளிலும் ஒளிப்படங்களை 600 புள்ளிகளிலும், பின்புறத்தையும் சேர்த்து, வருடி (ஸ்கேன் செய்து) எடுங்கள். கோப்பின் பெயரில் மட்டை எண்ணும் தாள் எண்ணும் முதலில் வரட்டும். பிரதிகளில் ஒன்றாவது கடற்கரையிலிருந்து விலகிய வேறோர் ஊரில் இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் உள்ளே வந்ததைக் கண்ட ஊர் இது. மூலத் தாள்களை ஆண்டுதோறும் மாசியில், மாரி ஓய்ந்த பின், மட்டை மட்டையாகத் திறந்து ஈரமும் பூச்சியும் பார்த்து, பார்த்த நாளைப் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி வையுங்கள்.