சேர்த்து வைத்த ஆங்கில வார்த்தை வாயில் வர: போனை வைத்து என்ன செய்யலாம்

என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்த ஒரு பெண் முதல் நாளே போனைத் திறந்து காட்டினாள். அகராதி ஆப்பில் நட்சத்திரம் போட்டுச் சேமித்த வார்த்தைகள், விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, இதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லும்மா என்றேன். வாக்கியம் இருக்கட்டும், அர்த்தமே வரவில்லை. அடுத்த வார்த்தையும் அப்படியே. அவள் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது. மாதக்கணக்கில் உழைத்திருக்கிறாள், அந்த உழைப்பு முழுக்கச் சேர்ப்பதிலேயே போய்விட்டது.

நீங்கள் ஆசிரியரோ, தம்பி தங்கைக்குச் சொல்லித் தருபவரோ, நீங்களே படிப்பவரோ, யாராக இருந்தாலும் முதலில் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்: போன் வார்த்தையைக் காட்ட வேண்டாம், கேட்க வேண்டும். மறந்துபோகும் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். பதிலை யோசித்து வெளியே இழுக்கிற அந்தச் சில நொடித் திணறல்தான் வார்த்தையை மனதில் ஊன்றுகிறது, பட்டியலைப் பத்து முறை படிப்பது அந்த வேலையைச் செய்யாது.

இது புதுச் சரக்கு இல்லை. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதிவிட்டார். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் அதற்கு ஒரு பெட்டி முறை சொன்னார். ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதிய அட்டைகளை அறை அறையாகப் பிரித்த பெட்டியில் வைக்க வேண்டும்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அங்கே அதைத் தாமதமாகத்தான் எடுப்போம், தப்பாகச் சொன்னால் மறுபடி முதல் அறைக்கு வந்துவிடும். அந்தப் பெட்டி வேலையைக் கணக்குப் போட்டுச் செய்கிற ஆப்கள் இப்போது நிறைய. நான் பயன்படுத்துவது ஆன்கி, 2006இல் வந்தது. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோன் ஆப்புக்கு மட்டும் காசு. அது வேண்டாமென்றால் ஐபோனின் பிரவுசரிலேயே பயன்படுத்தலாம். வேறு ஆப் பிடித்திருந்தால் அதுவும் சரிதான். உங்கள் சொந்த அட்டையை உள்ளே போட முடிகிறதா, இடைவெளி விட்டுக் கேட்கிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

அடுத்து, எந்த வார்த்தையைச் சேர்ப்பது என்பது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். "தினம் ஒரு வார்த்தை" ஆப்கள் அனுப்பும் வார்த்தைகளில் பாதியை ஆங்கிலம் பேசுகிறவர்களே வாழ்நாளில் சொல்வார்களா என்று எனக்குச் சந்தேகம். அதிகம் புழங்கும் வார்த்தைகளைத் தொகுத்த பட்டியல்கள் இருக்கின்றன. நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட் என்று 2013இல் வந்த பட்டியலில் சுமார் 2,800 வார்த்தைகள். சாதாரண ஆங்கிலத்தில் ஏறக்குறைய 92 சதவீதத்தை அவையே நிரப்பிவிடுவதாகத் தொகுத்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கல்லூரிப் பாடத்துக்காகப் படிப்பவருக்கு 2000இல் ஏவரில் காக்ஸ்ஹெட் தொகுத்த அகடமிக் வேர்டு லிஸ்ட் உண்டு, அதில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் சேர்ந்து ஒரு குடும்பம். இந்தப் பட்டியல்களை வரிசையாக உருப்போடச் சொல்லவில்லை. படிக்கும்போது ஒரு வார்த்தை தட்டுப்பட்டால் சேர்க்கலாமா விடலாமா என்று பார்க்கும் சல்லடையாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சுலபமான வழி, கேம்பிரிட்ஜின் இணைய அகராதியில் அந்த வார்த்தையைத் தேடுவது. நிறைய வார்த்தைகளுக்குப் பக்கத்தில் ஏ1, பி1, பி2 என்று நிலை போட்டிருக்கும், ஏ1 என்றால் ஆரம்ப நிலை. எந்த நிலையும் போடாத வார்த்தை என்றால், உங்கள் வேலைக்கோ படிப்புக்கோ தேவைப்பட்டால் ஒழிய, விட்டுவிடுங்கள்.

வார்த்தை வரும் இடம் நீங்கள் நிஜமாகவே படித்த, கேட்ட இடமாக இருக்கட்டும். நூறு வார்த்தைக்கு இரண்டு மூன்று தெரியாமல் இருக்கும் அளவுக்கு எளிதான எழுத்து வேண்டும். அதற்கு மேல் போனால் அகராதியைத்தான் படித்துக்கொண்டிருப்போம், கதையை இல்லை. விக்கிபீடியாவுக்கே சிம்பிள் இங்கிலிஷ் என்று ஒரு பதிப்பு 2001லிருந்து இருக்கிறது, எளிய வார்த்தைகளில் எழுதியது, அங்கே தொடங்கலாம். கிண்டில் என்ற மின்நூல் கருவியில் படிப்பவர்கள் வொகாபுலரி பில்டரைப் பாருங்கள்; நீங்கள் அர்த்தம் பார்த்த வார்த்தையெல்லாம் அது வந்த வாக்கியத்தோடு அங்கே சேர்ந்திருக்கும். அந்த வாக்கியம் பொன்னானது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வார்த்தையை மட்டும் எடுத்து வைக்காதீர்கள்.

ஏன் என்பதற்கு ஓர் அட்டையை முழுசாகப் பார்ப்போம். "ரிலக்டன்ட்" என்ற வார்த்தை. ஆங்கிலம்-தமிழ் அகராதியில் தேடினால் பெரும்பாலும் "தயக்கமுள்ள" என்று வரும். "ஹெசிடன்ட்" என்று தேடினாலும் அதே "தயக்கமுள்ள" தான். முன்பக்கம் ரிலக்டன்ட், பின்பக்கம் தயக்கமுள்ள என்று அட்டை போட்டால், எதைச் சொல்வது என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பவரை ரிலக்டன்ட் என்று சொல்லிவிடுவோம். உண்மையில் ரிலக்டன்ட் என்பது மனமில்லாமல், வேண்டா வெறுப்பாக என்பதற்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹெசிடன்ட்தான் நிச்சயமில்லாமல் தயங்குவது. ஆகவே அட்டையின் முன்பக்கம் இப்படி இருக்கட்டும்: "ஷி வாஸ் ரி____ டு லீவ் ஹர் ஃபிரண்ட்ஸ்." முதல் இரண்டு ஆங்கில எழுத்து குறிப்பு, மீதி காலி. பக்கத்தில் தமிழில் "போக மனமே இல்லை" என்று ஒரு வரி. பின்பக்கம் முழு வாக்கியம், கூடவே உச்சரிப்பு ஒலி. இந்த அட்டை வார்த்தையை மட்டும் கற்றுத் தரவில்லை. அதற்குப் பின்னால் "டு" வரும், அப்புறம் ஒரு வினை வரும் என்பதையும் சொல்லாமலே சொல்லித் தந்துவிட்டது. ஆன்கியில் இதற்கு குளோஸ் என்ற அட்டை வகை இருக்கிறது, மறைக்க வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பொருளாகக் கண்ணால் பார்க்க முடிந்த வார்த்தைக்குத் தமிழ் அர்த்தம்கூட வேண்டாம், ஒரு படம் போதும்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். "கோட்" என்று எழுதி வைத்தால் அது போட்டுக்கொள்ளும் கோட்டா, மேய்கிற ஆடா? ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு, ஒலியும் வேறு, நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே "க" தான். ஒரு மாதம் கழித்து அந்தக் குறிப்பைப் பார்த்தால் தப்பான ஒலிதான் நாக்கில் படியும். இணைய அகராதிகளில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லிக் காட்டும், அதைக் கேட்டு உடனே நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். யூகிளிஷ் என்ற தளம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வார்த்தையைக் கொடுத்தால், யூடியூப் வீடியோக்களில் அதை யாரோ உச்சரிக்கும் இடத்துக்கே கொண்டுபோய் விடும், ஒன்று முடிந்ததும் அடுத்தது. பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லிக் கேட்டபின் அந்த வார்த்தை காதுக்கு அந்நியமாக இருக்காது. வீடியோ பார்க்கும்போது வேகத்தை 0.75க்குக் குறைத்து, ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள். தமிழ் சப்டைட்டில் ஓடினால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

ஒரு நாளைக்கு எத்தனை? ஆன்கி தானாக இருபது புது அட்டை கொடுக்கும். அதை முதல் நாளே ஐந்தாகக் குறையுங்கள். இருபதும் முதல் வாரம் ஜாலியாகத்தான் இருக்கும், ஆனால் பழைய அட்டைகள் திரும்பி வரத் தொடங்கியதும் ஒரு நாளில் நூறுக்கு மேல் குவிந்து நிற்கும், இரண்டு நாள் திறக்காமல் விட்டால் மலை மாதிரி ஆகிவிடும், அதைப் பார்த்தே ஆப்பைத் தூக்கியவர்கள் ஏராளம். ஐந்து என்றால் ஒரு வருடத்தில் 1,800க்கு மேல், யோசித்துப் பாருங்கள்.

பதில் பார்த்தபின் எகெய்ன், ஹார்டு, குட், ஈஸி என்று நான்கு பொத்தான்கள் வரும். மறந்துபோயிருந்தால் எகெய்ன் மட்டும்தான். "கிட்டத்தட்டத் தெரிந்த மாதிரிதான் இருந்தது" என்று ஹார்டை அழுத்தினால், கஷ்டப்பட்டாலும் உங்களுக்கு நினைவு வந்துவிட்டது என்று ஆப் எடுத்துக்கொண்டு இடைவெளியைக் கூட்டிவிடும். சொல்லித் தருகிறவர்கள் முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து இதை மட்டும் கவனித்தாலே பெரிய உதவி.

இன்னொன்று. ஒரே வகை வார்த்தைகளை ஒரே நாளில் மொத்தமாகப் போடாதீர்கள். நிறங்கள் எல்லாம் திங்கள், உடல் உறுப்புகள் எல்லாம் செவ்வாய் என்று பாடப்புத்தகம் மாதிரி அடுக்கினால் ஒன்றோடொன்று குழம்பும். ரிலக்டன்ட் இன்று போட்டால், அது ஊறிய பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து ஹெசிடன்ட்.

அட்டை பாதி வேலைதான் செய்யும். மீதிக்கு வார்த்தையைப் பேசியாக வேண்டும். நான் சொல்லித் தருகிறவர்களிடம் வாரத்துக்கு ஒரு முறை வாட்ஸ்அப்பில் முப்பது நொடி வாய்ஸ் மெசேஜ் கேட்பேன், அந்த வாரம் படித்ததில் மூன்று வார்த்தை அதில் வர வேண்டும், உண்மையில் நடந்த விஷயமாக இருக்க வேண்டும். எழுதி வைத்துப் படிப்பவர்களும் உண்டு, பரவாயில்லை, நாலாவது வாரம் தாளை விட்டுவிடுகிறார்கள். ஏஐ சாட்பாட் வைத்திருப்பவர்கள் அதனிடம் மொழிபெயர்த்துத் தா என்று கேட்காமல், "இந்த ஐந்து வார்த்தைகளை வைத்துக் காலியிடம் விட்ட வாக்கியங்கள் கொடு, நான் பதில் சொல்லும்வரை விடையைச் சொல்லாதே" என்று கேளுங்கள். அலுக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதுவும் சில நேரம் தப்பான விளக்கத்தை அடித்துச் சொல்லும், ஆகவே அட்டையில் ஏற்றும் முன் அகராதியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு கேட்டாலும் மனதில் நிற்காத வார்த்தைகள் சில இருக்கும். எட்டு முறை மறந்தால் ஆன்கி அந்த அட்டைக்கு லீச் என்று பெயர் சூட்டிவிடும், நீங்கள் வைத்திருக்கும் அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைத்துவிடும். லீச் என்றால் ரத்தம் உறிஞ்சும் அட்டை, பொருத்தமான பெயர்தான், நேரத்தை உறிஞ்சுகிறது அல்லவா. அதை அப்படியே விட்டுவைக்காதீர்கள். பெரும்பாலும் கோளாறு அட்டையில்தான் இருக்கும்: வாக்கியம் நீளம், அல்லது யாரோ எழுதிய வாக்கியம், உங்களுக்கு ஒட்டவில்லை. பழையதை அழித்துவிட்டு உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். நட்சத்திரம் போட்டுவைத்த அந்தப் பெண்ணுக்கு ரிலக்டன்ட் மூன்று வாரம் நிற்கவே இல்லை. கடைசியில் அவளே எழுதினாள்: "ஐ வாஸ் ரிலக்டன்ட் டு டெலீட் மை ஓல்டு லிஸ்ட்." அதற்குப் பிறகு அந்த அட்டைக்கு அவள் எகெய்ன் அழுத்தவே இல்லை.