கெளுத்திக் குஞ்சுத் தீனியில் 3 கிராம் பொடி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியது எங்கள் வீடு. பின்கட்டில் இரண்டு கன்வாஸ் தொட்டி, ஒவ்வொன்றிலும் 1,000 கெளுத்திக் குஞ்சு. குஞ்சு வந்து இறங்கிய முதல் மூன்று வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் வராது. காலையில் போய்ப் பார்த்தால் வயிறு உப்பி, அடிவயிற்றில் சிவப்புப் புள்ளியோடு நாலைந்து மிதக்கும். அந்த நாள்களைக் கடக்கத்தான் தீனியில் ப்ரீபயாட்டிக் பொடி கலக்க ஆரம்பித்தேன்.

கடையில் இதையும் ப்ரோபயாட்டிக்கையும் ஒன்றாகவே சொல்வார்கள். ப்ரோபயாட்டிக் என்றால் உயிருள்ள நல்ல நுண்ணுயிர். ப்ரீபயாட்டிக் அந்த நுண்ணுயிருக்குப் போடும் சாப்பாடு. சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின் மீனுக்குச் செரிக்காமல் குடலுக்குப் போகும். அங்கே நல்ல நுண்ணுயிர் அதைப் புளிக்கவைத்து, குடல் சுவருக்குத் தெம்பு தரும் அமிலங்களை உண்டாக்கும். ஈஸ்ட்டின் செல் சுவரிலிருந்து எடுக்கும் மாநான் பொடியின் வேலை வேறு. சில கெட்ட நுண்ணுயிர்கள் குடலில் ஒட்டுவதற்குப் பதில் அதில் ஒட்டிக்கொண்டு கழிவோடு வெளியே போய்விடும். நான் வாங்குவது இதைத்தான். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டை அதே அளவில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அதில் செல் சுவர் ஒரு பகுதிதான்.

அளவு: 1 கிலோ தீனிக்கு மாநான் பொடி 2 முதல் 4 கிராம். நான் 3 கிராம் போடுகிறேன். சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் சின்ன நகைத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். இனுலின் என்றால் கிலோவுக்கு 5 கிராம்.

பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள், "அத்தை, இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு வளருமா?" வளராது. குளிர்நாட்டு ஆர்க்டிக் சார் மீனுக்குத் தீனியில் நூற்றுக்கு 15 பங்கு இனுலின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பின்குடல் செல்களே கெட்டுப்போயின.

அகலமான பேசினில் 1 கிலோ சிறுமணித் தீனியைக் கொட்டுங்கள். 3 கிராம் பொடியை 50 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் கலக்குங்கள். முழுசாகக் கரையாது, அதனால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும்; கரண்டி கரண்டியாக ஊற்றி, கையால் புரட்டிக்கொண்டே இருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஊறினால் சில குஞ்சுக்கு நிறையப் போகும், மற்றதுக்கு ஒன்றுமே போகாது. கால் மணி நேரம் விட்டு, ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றிப் புரட்டுங்கள். எண்ணெய் பூச்சு இல்லையென்றால் தண்ணீரில் விழுந்ததும் பொடி கழன்றுவிடும். அப்புறம் முறத்தில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள்.

நாலைந்து நாளைக்கு மேல் கலந்து வைக்காதீர்கள். முதல் தடவை ஆசைப்பட்டு 20 கிலோ மூட்டை முழுவதையும் கலந்துவிட்டேன். நம் ஊர் மழைக்கு ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து, அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தேன். பூஞ்சை நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும், காய வைத்தாலும் போகாது. 3 கிராம் எடையுள்ள குஞ்சு 1,000 இருந்தால், உடல் எடையில் 7 விழுக்காடு என்று வைத்தால் நாளுக்கு 210 கிராம்தான் போகும். அதை நான்கு வேளையாகப் பிரித்துப் போடுகிறேன்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கும் நாளில் இந்தப் பொடியால் பெரிதாகப் பலன் இருக்காது. மருந்து நல்லதையும் சேர்த்தே கொன்றுவிடும். மருந்து முடிந்த பிறகு தொடங்குங்கள். அழுக்குத் தண்ணீருக்கும் இது மருந்தாகாது. தொட்டி நாறினால் முதலில் தண்ணீரை மாற்றுங்கள்.

பலன் உண்டா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு தொட்டிக்குப் பொடி போட்ட தீனி, இன்னொன்றுக்கு வெறும் தீனி. 8 வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30 குஞ்சை வலையில் எடுத்து வாளியோடு நிறுத்துப் பாருங்கள். செத்ததை அன்றன்றே நாட்காட்டியில் குறியுங்கள். எடை பெரிதாகக் கூடாவிட்டாலும், செத்த எண்ணிக்கை குறைந்திருந்தால் நான் அந்தப் பொடியை மறுபடி வாங்குவேன்.